வீட்டுக் கேமராவில் கதிர்வீச்சு பார்ப்பது: கேள்வி பதில்

கும்பகோணம்: அண்ணே, பழைய வெப்கேமில் கதிர்வீச்சு தெரியுமா? எப்படிச் செய்வது?

பதில்: தெரியும். லென்ஸைத் திருகிக் கழற்றுங்கள். சென்சார் மேலுள்ள மெல்லிய கண்ணாடியை மட்டும் பெயர்க்காதீர்கள், அடியில் இருக்கும் நூல் போன்ற கம்பிகள் அறுந்துவிடும். லென்ஸ் இருந்த வாய்க்குக் கருப்பு இன்சுலேஷன் டேப் இரண்டு அடுக்கு, அதன் மேல் அலுமினியத் தாள். தாள் போர்டில் பட்டால் ஷார்ட் ஆகும். பிறகு டார்ச்சை ஒட்டவைத்து அடித்துப் பாருங்கள். படத்தின் சராசரி வெளிச்சம் மாறினால் டேப் சரியில்லை. ஆட்டோ எக்ஸ்போஷர், ஆட்டோ கெயின் இரண்டையும் அணைத்துவிட்டுப் படங்களை பிஎன்ஜியாகச் சேமியுங்கள். வீடியோவும் ஜேபெக்கும் நாம் தேடும் புள்ளியையே இரைச்சல் என்று அழித்துவிடும். 100 இருட்டுப் படங்களின் இடைநிலையை (மீடியன், ஒவ்வொரு பிக்சலுக்கும் நடு மதிப்பு) கழித்தபின் மிஞ்சுவதைப் பாருங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மின்னினால் கெட்ட பிக்சல். இரண்டு மூன்று பிக்சல் சேர்ந்து மின்னி, அடுத்த படத்தில் காணாமல் போனால் அது கதிர்.

திருவாரூர்: அக்னி நட்சத்திரத்தில் ஆரம்பித்தேன். ஆயிரக்கணக்கில் புள்ளி. பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள் தம்பி, வெயில்தான் காரணம். 6 முதல் 8 டிகிரி ஏறினால் சென்சாரின் இருட்டு மின்னோட்டம், அதாவது வெளிச்சமே இல்லாதபோதும் கசியும் மின்சாரம், இரட்டிப்பாகும். விடியற்காலையில் எடுங்கள், வெப்பநிலையையும் குறியுங்கள். ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டாம். நம் ஈரக்காற்றில் சென்சார் மேல் நீர் கோத்துக்கொள்ளும்.

மயிலாடுதுறை: மியூவான் எத்தனை வரும்?

பதில்: விண்ணிலிருந்து வரும் கதிர் காற்றில் மோதி உண்டாகும் துகள்தான் மியூவான். சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று. 3.2 × 2.4 மி.மீ. சென்சாருக்குச் சுமார் 13 நிமிடத்துக்கு ஒன்று.

மன்னார்குடி: சிவப்பு பொட்டாஷ் உரத்தில் கதிர்வீச்சு கூடுதல் என்கிறார்களே?

திருத்துறைப்பூண்டி: இல்லை, வெள்ளைதான் சுத்தம். அதில்தான் கூடுதல்.

பதில்: சிவப்பு நிறம் இரும்பால் வருவது. இரண்டு மூட்டையிலும் பொட்டாஷ் 60 சதவீதம் என்று போட்டிருந்தால் இரண்டும் ஒன்றே: கிலோவுக்கு நொடிக்குச் சுமார் 15,000 சிதைவு, எல்லாம் பொட்டாசியம்-40, அதாவது பொட்டாசியத்தில் இயற்கையாகவே சிறிதளவு கலந்திருக்கும் கதிர்வீச்சு வகை. வயலுக்குப் போடப் பயம் வேண்டாம், நம் உடம்பிலேயே நொடிக்குச் சுமார் 4,000 சிதைவு நடக்கிறது.

மன்னார்குடி: நான் அளந்துவிட்டேன். வெள்ளைக்கு 40 புள்ளி, சிவப்புக்கு 47.

பதில்: 40 எண்ணினால் கூடக்குறைய 6 தானாகவே வரும். 47-ஐ வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இப்படிச் செய்யுங்கள்: 100 கிராம் பொட்டாஷ் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையில், அதே அளவு வேதாரண்யம் உப்பு இன்னொரு பையில். உப்பில் பொட்டாசியம் மிகக் குறைவு, அதனால் ஒப்பிட அதுதான் சரி. டேப்பை ஒட்டினாற்போல் வைத்து மணிக்கொரு முறை பையை மாற்றி, இரவு முழுக்க எண்ணுங்கள். பையை மலை போல் குவித்துப் பயனில்லை. பொட்டாசியம்-40 விடும் பீட்டாக் கதிர் (வேகமான எலக்ட்ரான்) மேலே சில மில்லிமீட்டரிலிருந்துதான் வெளியே வரும். லென்ஸ் இருந்தால் அதுவும் வராது.

திருத்துறைப்பூண்டி: அப்போ வெள்ளை?

பதில்: முதலில் உப்போடு வித்தியாசம் காட்டுங்கள் ஐயா, நிறத்தை அப்புறம் பார்ப்போம்.

நாகப்பட்டினம்: பெட்ரோமாக்ஸ் மேண்டில் வைக்கலாமா?

பதில்: தோரியம் என்ற கதிர்வீச்சு உலோகம் போட்ட மேண்டில் என்றால் எண்ணிக்கை நன்றாக ஏறும். எரிக்காத புதியதை உறையோடு வையுங்கள். எரித்தது உதிர்ந்து தூளாகும், அதை மூச்சில் இழுக்கக் கூடாது. குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

தஞ்சாவூர்: செல்போன் டவர் கதிர்வீச்சு தெரியுமா?

பதில்: தெரியாது. அது ரேடியோ அலை, சென்சாரில் புள்ளி உண்டாக்கும் ஆற்றல் அதற்கு இல்லை.

பட்டுக்கோட்டை: டவர் பக்கத்தில் வைத்தால்?

பதில்: மேலே சொன்னதுதான்.

தரங்கம்பாடி: கடற்கரைக் கருமணல்?

பதில்: கருப்பு பெரும்பாலும் இல்மனைட், சிவப்பு கார்னெட். தோரியம் உள்ள மோனசைட் தேன் நிறம். உப்புப் பையோடு ஒப்பிடுங்கள். உறையோடு, தூசி மூச்சில் போகக் கூடாது.

திருவையாறு: எண்ணிக்கையை மைக்ரோசீவர்ட்டாக (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) மாற்ற என்ன பெருக்கல்?

பதில்: அளவு தெரிந்த மூலத்தை வைத்து உங்கள் சென்சாரைச் சரிபார்க்காமல் எந்தப் பெருக்கலும் கிடையாது. கேமரா பூஜ்யம் காட்டினாலும் ‘இங்கே ஒன்றுமில்லை’ என்று யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.