போலீசுக்குத் தப்பி ஓடும் பெண்ணை நாயகியாக வைத்து, மௌனப் பட காலத்தில் உருப்படியான படம் ஏதாவது வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது. 1928இல் வந்த ‘பெக்கர்ஸ் ஆஃப் லைஃப்’. இயக்கம் வில்லியம் வெல்மன், நாயகி லூயிஸ் புரூக்ஸ். ‘அந்தக் காலத்துப் படத்தில் பொம்பளை என்றால் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்பாள்’ என்று யாரோ உங்களிடம் அடித்துப் பேசியிருக்கிறார்கள் போல. எனக்கும் அப்படி ஒருவர் வாய்த்தார்.

எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தில் இந்தப் படத்தைப் போடச் சொல்லி நச்சரித்தது நான்தான். தொடக்கத்திலேயே அரங்கம் அடங்கிவிட்டது. சரக்கு ரயிலில் தொற்றி ஊர் ஊராகத் திரிகிற ஜிம் என்ற இளைஞன், ஒரு பண்ணை வீட்டு வாசலில் நின்று சாப்பாடு கேட்கிறான். உள்ளே மேஜையில் ஒரு ஆள், முன்னால் காலைச் சாப்பாடு. பதிலே இல்லை. கிட்டே போனால் முகத்தில் ரத்தம், ஆள் செத்திருக்கிறான். மாடியிலிருந்து ஆண் உடுப்பில் ஒரு பெண் இறங்கி வருகிறாள். அநாதை இல்லத்திலிருந்து அவளை அழைத்து வந்தவன் அவன். அன்று காலை கை வைக்கப் பார்த்தான், துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட்டாள். இதை அவள் சொல்லும்போது நடந்ததெல்லாம் திரையில் ஓடுகிறது, ஆனால் அவள் முகம் போவதில்லை. அந்த முகத்தின் மேலேயே ஓடுகிறது. அழுகை இல்லை, மன்னிப்பு இல்லை.

படம் முடிந்ததும் சங்கத்தின் மூத்தவர் ஒருவர் மைக்கைப் பிடித்தார். ‘இவளா குற்றவாளி? பாவப்பட்ட பெண், ரெண்டு ஆம்பளைங்க காப்பாத்துறாங்க, அவ்வளவுதான்’ என்று முடித்துவிட்டார். மைக் என் கைக்கு வரவே இல்லை. இப்போது சொல்கிறேன். சுட்டது யார்? பிடித்துக் கொடுத்தால் பரிசு என்று நோட்டீஸ் ஒட்டித் தேடுவது யாரை? தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, ஓடுகிற ரயிலில் நாடோடிகள் நடுவே ஒளிந்து போவது யார்? அவர் சொன்னதில் பாதி நிஜம், ஒத்துக்கொள்கிறேன். வாலஸ் பீரி நாடோடிக் கூட்டத்தின் தலைவன் ‘ஓக்லஹோமா ரெட்’டாக வந்த பிறகு படம் அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது. செத்துப்போன ஒரு நாடோடிக்கு அவள் உடுப்பை மாட்டி, எரிகிற ரயில் பெட்டியில் போட்டு அனுப்பி போலீசை ஏமாற்றுவதும், குண்டடி பட்டுச் சாவதும் அவர்தான். (கிளைமாக்ஸை உடைத்துவிட்டேன் என்று சண்டைக்கு வராதீர்கள். படம் வந்து தொண்ணூறு வருஷத்துக்கு மேலாகிறது.)

ஆனால் கடைசியில் அவள் தப்பித்துப் போகிறாள். ஜெயிலும் இல்லை, தூக்கும் இல்லை. 1934க்குப் பிறகு ஹாலிவுட்டில் தணிக்கை விதிகள் இறுகிய காலத்தில் இப்படி ஒரு முடிவை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கொலையை நியாயப்படுத்துகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம், படத்தில் இருப்பதைச் சொல்கிறேன்.

மூலக்கதை ஜிம் டல்லி 1924இல் எழுதிய புத்தகம். அவரே அப்படி ரயிலேறித் திரிந்தவர். பீரி பாடுகிற பாட்டோடு ஒரு ஒலி வடிவமும் அப்போது வந்தது, அது தொலைந்துவிட்டது. கிடைப்பது மௌன வடிவம்தான். அதுவாவது கிடைக்கிறது. நம் நடராஜ முதலியார் எடுத்த, தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான ‘கீசக வத’த்தில் ஒரு அடி ஃபிலிம்கூட மிஞ்சவில்லை. இதை நினைத்தால் வயிறு எரிகிறது. சங்கத்தில் இதைப் பற்றி ஒரு கூட்டம் போடலாமே என்றால், பொன்னாடை போர்த்தவே நேரம் சரியாக இருக்கிறது. அன்றைக்கும் படத்துக்கு முன்னால் அந்த மூத்தவருக்குத்தான் போர்த்தினார்கள்.

சரி, 2017இல் வந்த ப்ளூரே பிரதி கிடைத்தால் அதையே பாருங்கள். புரூக்ஸ் பிடித்துப்போனால் அடுத்து, அவர் ஜெர்மனிக்குப் போய் நடித்த 1929ஆம் வருஷத்து ‘பண்டோராஸ் பாக்ஸ்’.