கேள்வி–பதில்: கோடியக்கரைக்கு ஒன்றரை நாளா, ஆச்சி?

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் என் மகன், பங்குனி முதல் வாரத்தில் குடும்பத்தோடு ஊருக்கு வருகிறான். பிள்ளைகளுக்கு மார்ச் மாதப் பள்ளி விடுமுறை. வீட்டோடு இருங்கள் என்றால் கேட்கவில்லை. ஆள் நடமாட்டமே இல்லாத காட்டுக் கடற்கரை வேண்டுமாம். கோடியக்கரை என்று முடிவு செய்திருக்கிறோம். ஒன்றரை நாளில் கோடியக்கரை, வேளாங்கண்ணி, நாகூர் பார்த்துவிட்டு அப்படியே ராமேஸ்வரத்தையும் முடித்துவிடலாமா? கடலோரமாக நல்ல ரிசார்ட் உண்டா? பிள்ளைகள் கடலில் குளிக்கலாமா? பூநாரை (ஃபிளமிங்கோ) நிச்சயம் பார்க்கக் கிடைக்குமா? நாங்கள் எட்டுப் பேர், ஒரு வேன். டிரைவர் வண்டியிலேயே படுத்துக்கொள்வார்.
— ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, கேட்ட வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன். முடியாது. கிடையாது. வேண்டாம். உத்தரவாதமில்லை. இவ்வளவுக்குப் பிறகும் போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். ஆனால் திட்டத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுத வேண்டும்.

முதலில் ராமேஸ்வரம். வரைபடத்தில் கோடியக்கரைக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே வெறும் நீலம்தான் தெரியும். பக்கம்தானே என்று தோன்றும். உங்கள் வேன் அந்த நீலத்தில் போகாது. அதிராம்பட்டினம், கோட்டைப்பட்டினம், தொண்டி, தேவிபட்டினம் என்று பாக் விரிகுடாவின் கரையைப் பிடித்துச் சுற்றினால் ஒரு பகல் வண்டியிலேயே கழியும். காரைக்குடியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ரயில் இருக்கிறது, இன்னொரு முறை போய்க்கொள்ளுங்கள். வேளாங்கண்ணியும் நாகூரும் வடக்கே இருக்கின்றன. போகலாம்தான். ஆனால் காட்டுக் கடற்கரை கேட்ட பிள்ளைகளை எதற்காகக் கடைத்தெருவில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்? இரண்டு இரவு, ஒரே ஊர். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

ரிசார்ட் விஷயம். கோடியக்கரையில் வனத்துறையின் ஓய்வு விடுதி இருக்கிறது. நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்க வேண்டும். அது அமையாவிட்டால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வேதாரண்யத்தில் சாதாரண லாட்ஜ்கள் உண்டு. சுத்தமான படுக்கையும் வெந்நீரும் கேளுங்கள், நீச்சல்குளம் கேட்காதீர்கள்.

காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதால்தான் நகரத்தார் நாம் இந்தச் செட்டிநாட்டுப் பக்கம் வந்தோம், அதனால்தான் வீட்டைத் தரையிலிருந்து இவ்வளவு உயர்த்திக் கட்டினோம் என்று முகப்பில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறோம். கடற்கரைக்குப் போனதும் அதே கடலில் பிள்ளைகளை இறக்கிவிடப் பார்க்கிறோம். கோடியக்கரை முனையில் கரை மடங்கித் திரும்புகிறது: கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. தெற்கே அலை குறைவு என்று இறங்கினால் கால் சேற்றில் புதையும். குளிக்க ஏற்ற கடல் இல்லை அது. கரையில் நடக்கட்டும், கிளிஞ்சல் பொறுக்கட்டும், போதும்.

ஆள் நடமாட்டமில்லாத இடம் என்பதும் சரியில்லை. ஐப்பசியிலிருந்து பங்குனி வரை வெளியூர் மீனவர்கள் குடும்பத்தோடு வந்து தங்கித் தொழில் செய்யும் கரை அது. படகு, வலை, ஏலம், கருவாடு எல்லாம் இருக்கும். நமக்கு அது காடு, அவர்களுக்கு வேலைத்தலம். வலை பிரித்துக்கொண்டிருப்பவரைப் படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். மீனுக்குக் குறைவிருக்காது, விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15-ல்தான் தொடங்குகிறது, ஜூன் 14 வரை. நீங்கள் அதற்கு முன்பே வருகிறீர்கள்.

இப்போது பூநாரை. நிச்சயமாகப் பார்த்தாக வேண்டும் என்றால் அது சிங்கப்பூரிலேயே மண்டாய் பறவைப் பூங்காவில் நிற்கிறது. உங்கள் பேரப்பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். கோடியக்கரைப் பூநாரை தண்ணீரைப் பார்த்து நடக்கும் பறவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சதுப்பு நிறையும், பறவைகள் வந்து இறங்கும். தை, மாசி வெயிலில் தண்ணீர் சுருங்கச் சுருங்க, ஆழம் சரியாக இருக்கும் பக்கமாக அவை இடம் மாறிக்கொண்டே இருக்கும். பங்குனியில் கூட்டத்தின் பெரும்பகுதி கிளம்பியிருக்கும், மிச்சமிருப்பவை கொஞ்சம்தான். நேற்று நின்ற இடத்தில் இன்று நிற்க வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு இல்லை.

கண்ணில் பட்டாலும் தூரத்தில்தான் தெரியும். சேற்றுப் பரப்பின் விளிம்பில் அழுக்கு வெள்ளையாக ஒரு கோடு, அவ்வளவுதான். பைனாகுலர் இல்லாதவர்கள் “இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்று கேட்பார்கள். பைனாகுலர் வைத்திருப்பவருக்கு வேறு காட்சி. நீண்ட கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து அரித்து அரித்துத் தின்னும். சாம்பல் நிறத்தில் நிற்பவை இளசுகள். தின்னும் தீனியிலிருந்துதான் அந்த இளஞ்சிவப்பு மெல்ல ஏறும். கூட்டம் எழுந்து பறக்கும்போது இறக்கையின் சிவப்பும் கறுப்பும் ஒன்றாக விரியும். அதற்காகக் கையைத் தட்டி விரட்டுகிறவர்கள் உண்டு. உங்கள் வேனில் அப்படி யாரும் இருந்தால் பள்ளத்தூரிலேயே இறக்கிவிடுங்கள். உள்ளான், கரண்டிவாயன், கூழைக்கடா இவையும் இருக்கும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாகப் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி விடுவது இங்கேதான். சாலிம் அலி வந்து வேலை பார்த்த மண். உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலில் 2002-ல் சேர்ந்த இடம்.

ஆனால் பங்குனியில் போகிறவர் பூநாரையைக் கேட்டதும் ஆமையைக் கேட்காமல் விட்டதும்தான் எனக்கு வருத்தம். இந்தக் கரையில் முட்டையிட வரும் சிற்றாமையை மீனவர்கள் பங்குனி ஆமை என்றே சொல்வார்கள். ஒரு குழியில் நூறு முட்டைக்குப் பக்கமாக இருக்கும். நாயும் நரியும் தோண்டிவிடும் என்பதால் வனத்துறையினர் அவற்றை எடுத்துவந்து, கரையிலேயே வேலி போட்ட பொரிப்பகத்தில் மறுபடி புதைக்கிறார்கள். 45 முதல் 60 நாளில் பொரிக்கும். மணல் சூட்டைப் பொறுத்து அது ஆணா பெண்ணா என்பதே மாறும். பேத்திக்குச் சொல்லுங்கள், நம்ப மாட்டாள். குஞ்சு உள்ளங்கையில் பாதிகூட இருக்காது, கரி நிறம். விடும்போது வெளிச்சமான திசையைப் பார்த்துத்தான் தவழும், கடல்மேல் வானம் வெளுத்திருப்பதால் கடலுக்குப் போகும். நீங்கள் பின்னாலிருந்து செல்போன் விளக்கைப் போட்டால் உங்களைப் பார்த்துத் திரும்பிவிடும். குஞ்சு விடும் நாள் எப்போது என்று போன அன்றே வனத்துறையாரிடம் கேட்டு வையுங்கள். அமைந்தால் பாக்கியம், அமையாவிட்டால் பொரிப்பகத்தையாவது பாருங்கள்.

அப்புறம் வெளிமான். 1967-ல் கோடியக்கரைச் சரணாலயம் ஏற்பட்டதே பெரும்பாலும் அதற்காகத்தான். மதியம் பன்னிரண்டு மணிக்கு ஏசி வேனில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு “ஒண்ணும் இல்லை” என்று ஊர் திரும்புகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல? அந்த வெயிலில் மானுக்குப் புல்வெளியில் என்ன வேலை? விடிந்ததும் போக வேண்டும், அல்லது வெயில் சாய்ந்த பிறகு. வளர்ந்த கிடாய் முதுகு கறுத்து, வயிறு வெளுத்து, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு இருக்கும். முறுக்குக் கொம்பை முதுகோடு சாய்த்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு மற்ற கிடாய்களுக்கு முன்னால் நடப்பதைப் பார்த்தால் நம் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் நினைவுக்கு வரக்கூடும். பெட்டைக்குக் கொம்பில்லை, உடம்பு வெளிர் பழுப்பு. ஒன்று மிரண்டால் மந்தை முழுக்கத் துள்ளி ஓடும். அதற்கு வெட்டவெளி வேண்டும். சீமைக்கருவேலம் புல்வெளிக்குள் புகுந்துகொண்டே இருப்பது அதனால்தான் பெரிய தொல்லை. 2018 கஜா புயலில் விழுந்த மரங்களின் கணக்கு தனி. கட்டுக்கு அடங்காத குதிரைகளும் திரியும். குரங்குகளுக்கு ஒரு கடலைகூடப் போடாதீர்கள். போட்டால் அடுத்த வேனின் கண்ணாடியில் வந்து தட்டும்.

நடுப்பகலுக்கு என்ன செய்வது? வேதாரண்யத்தில் உப்பளத்துக்கு இதுதான் பருவம். அகஸ்தியம்பள்ளிப் பக்கம் பாத்தி பாத்தியாகப் பூத்துக் கிடக்கும். வெயிலேறும் முன் பாருங்கள், அப்புறம் கண் கூசும். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து நடந்து வந்த ராஜாஜி குழு உப்பு அள்ளியதன் நினைவுத் தூண் அங்கே இருக்கிறது. தொண்டர்களுக்குச் சோறு போடக் கூடாது என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஊர்க்காரர்கள் பொட்டலம் கட்டி வழிநெடுக மரக்கிளையில் தொங்கவிட்டார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை பிடிக்கும். வேதாரண்யத்திலேயே இருக்கும் திருமறைக்காட்டுக் கோயிலுக்கு மதிய நடை சாத்தும் முன் போய்விடுங்கள்.

போகும் வழியில் மல்லிப்பட்டினத்துப் பக்கம் மனோரா. நெப்போலியன் தோற்றதற்காகத் தஞ்சை சரபோஜி மன்னர் கட்டிய அறுகோணக் கோபுரம். அரை மணி நேரம் போதும். அறந்தாங்கி, முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி என்று 150 கிலோமீட்டருக்கு மேல், நிறுத்தங்களோடு நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. விடியற்காலையில் கிளம்புங்கள். முதல் நாள் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய்விடுவது நல்லது: புளியோதரை, பொடி தடவிய இட்லி, மாலைக்குத் தேன்குழல். தூக்குச்சட்டியில் போடுங்கள், பாலித்தீன் பை வேண்டாம். தண்ணீர் கூடுதலாக இருக்கட்டும்.

தேதியை முடிவு செய்யுமுன் ஒன்று. காரைக்குடி முத்துமாரியம்மன் கோயில் மாசி-பங்குனித் திருவிழா அந்தச் சமயத்தில் வரும். பால்குடம் எடுக்கிற நேர்த்தி வீட்டில் யாருக்காவது இருந்தால் அதைக் கேட்டுக்கொண்டு வேனுக்குச் சொல்லுங்கள்.

டிரைவர் வண்டியிலேயே படுத்துக்கொள்வார் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு நாளும் விடிவதற்கு முன் வண்டி எடுக்கச் சொல்லப் போகிறீர்கள், மூன்றாம் நாள் எட்டு உயிரையும் ஊர் கொண்டுவந்து சேர்க்கப் போகிறவர் அவர். லாட்ஜில் அவருக்கும் சேர்த்து அறை சொல்லிவிடுங்கள், ஆச்சி.