பையனின் கட்டைவிரலைப் பார்த்தீர்களா?

கேள்வி: எனக்கு வயது 46. ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கிறேன். காலேஜ் நாளிலிருந்தே அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக் பாஸ்கெட்பால் என்றால் பைத்தியம். சீசன் நேரத்தில் விடிகாலை ஐந்து மணிக்கே எழுந்து போனில் மேட்ச் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. ஒரு பிளேயரை இரண்டு சீசன் பார்த்தால் போதும், தேறுவானா மாட்டானா என்று சொல்லிவிடுவேன். நண்பர்கள் குரூப்பில் என் கணிப்புக்குத் தனி மரியாதை உண்டு. என் மகன் பத்தாவது படிக்கிறான், ஸ்கூல் டீமில் ஆடுகிறான். இரண்டு வருஷமாகப் பார்க்கிறேன், முன்னேற்றமே இல்லை. ஓட்டத்தில் முதல் அடி மந்தம், ரீபவுண்டுக்கு, அதாவது கூடையில் விழாமல் திரும்புகிற பந்தைப் பிடிக்க, எகிறத் தயங்குகிறான், கோச்சும் பெஞ்சில்தான் உட்கார வைக்கிறார். போதாததற்கு வீட்டில் பெண்கள் செல்லம் கொடுக்கிறார்கள். நோம்பிக்கு வந்திருந்த என் மாமியார், அவன் கால் கட்டைவிரல் நகம் கருத்துப்போய்விட்டது என்று மஞ்சள் அரைத்துப் பத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இப்படி இருந்தால் எப்படித் தேறுவான்? ஆட்டத்தை நிறுத்திவிட்டு நீட் கோச்சிங்கில் சேர்த்துவிடலாமா?

பதில்: எந்தக் கால்? இடதா, வலதா? ஒரு விரலா, இரண்டுமா?

உங்கள் கடிதத்தில் தேடிப் பார்த்தேன், இல்லை. மகனின் முதல் அடி மந்தம் என்று எழுதத் தெரிந்த உங்களுக்கு, அந்த அடியை எடுத்து வைக்கிற விரல் ஏன் கருத்தது என்று கேட்கத் தோன்றவில்லை. மாமியாரைக் குறை சொல்வதற்காகத்தான் அந்த நகமே கடிதத்துக்குள் வந்திருக்கிறது.

பாஸ்கெட்பால் ஓடி ஓடி நிற்கிற ஆட்டம். ஒவ்வொரு தடவை சடாரென்று நிற்கும்போதும் பாதம் ஷூவுக்குள் முன்னால் நழுவும். ஷூ சின்னதாக இருந்தாலோ, கயிறு தளர்ந்திருந்தாலோ, கட்டைவிரல் போய் முனையில் முட்டும். முட்டி முட்டி நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டும், அதுதான் கருப்பு. பதினைந்து வயசில் கால் இன்னும் வளரலாம். போன வருஷத்து ஷூ இந்த வருஷம் பிடிக்காமல் போவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. விரல் வலிக்கிறவன் வேகமாக அடியெடுத்து வைப்பானா? எகிறினால் திரும்பத் தரையில் இறங்க வேண்டுமே என்று தயங்க மாட்டானா? நீங்கள் குறைகள் என்று அடுக்கியிருப்பதில் பாதி, ஷூ பத்தாததால் வந்ததாக இருக்கலாம்.

உங்கள் பாஷையிலேயே பேசுகிறேன். ஸ்டீபன் கரி, என்.பி.ஏ. டீம்கள் புது ஆட்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில், 2009-ல் ஏழாவது ஆளாக எடுக்கப்பட்டவர். 2011-லும் 2012-லும் கணுக்காலில் அறுவை சிகிச்சை. 66 ஆட்டங்களாகச் சுருங்கிய 2011-12 சீசனில் அவர் ஆடியது 26. அன்றைக்கு உங்கள் குரூப்பில் அவரைப் பற்றிப் பேச்சு வந்திருந்தால் என்ன தீர்ப்பு சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். டீமில் இருந்தவர்கள் அவர் காலைப் பார்த்தார்கள். கணுக்காலோடு நிற்காமல் இடுப்புக்கும் தொடைக்கும் பலம் ஏற்றினார்கள். 2015-லும் 2016-லும் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான்.

இரண்டு சீசன் பார்த்தால் போதும் என்கிற உங்கள் கணக்கையும் கொஞ்சம் பார்ப்போம். யானிஸ் ஆன்டெடோகும்போ 2013-ல் பதினைந்தாவதாக வந்தார். முதல் சீசன் சராசரி 6.8 பாயிண்ட். இரண்டாவது சீசன் முடிந்தபோதும் அவர் 2019-ல் சிறந்த ஆட்டக்காரர் ஆவார் என்று யார் சொன்னார்கள்? நிகோலா யோகிச் 2014-ல் 41-வது ஆள். அவருக்கு முன்னால் நாற்பது பேரை எடுத்தவர்கள் எல்லாம் இதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள். அவர் 2021, 2022, 2024 என்று மூன்று தடவை அந்த விருதை வாங்கிவிட்டார். மஞ்சள் மண்டிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: ஒன்பது மாசப் பயிரை மூணாம் மாசம் பிடுங்கிப் பார்த்துவிட்டு, கிழங்கே இல்லை, விலை போகாது என்பவனை உங்கள் மண்டிக்குள் விடுவீர்களா?

பையனை எந்த அளவுகோலை வைத்து அளக்கிறீர்கள் என்பதும் எனக்கு விளங்கவில்லை. இந்தியாவில் பிறந்து அந்த லீக்கின் டீம் ஒன்றால் முதன்முதலாக எடுக்கப்பட்டவர் பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து சத்னம் சிங். 2015-ல், 52-வதாக. ஏழடிக்கு மேல் உயரம். அவரே அந்த லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. விவசாயியான அவர் அப்பா, ஊரில் ஆட வழியில்லை என்று பிள்ளையை லூதியானா அகாடமிக்கு அனுப்பி வைத்தார். நீங்கள் ஈரோட்டு ஸ்கூல் கோர்ட்டில் ஆடுகிற பத்தாவது பையனுக்கு போனில் பார்க்கிற ஆட்டத்தை வைத்து மார்க் போடுகிறீர்கள்.

ரசிகர் என்ன வேண்டுமானாலும் பேசலாம், அது அவர் பொழுதுபோக்கு. பிடிக்காத பிளேயரை விற்றுவிடு என்று கத்தலாம், நாளைக்கே மாற்றியும் பேசலாம். அப்பாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. பெற்ற பிள்ளையைக் கவனிப்பதுதான் உங்கள் வேலை, கணிப்பு அப்புறம். இதில் என்னைப் பழங்காலத்து ஆள் என்று சொன்னாலும் சரி.

இன்னொன்று. அவன் விரலை அம்மாயியிடம் காட்டினான், உங்களிடம் காட்டவில்லை. ஷூ பத்தவில்லை என்றும் கேட்கவில்லை. ஏனுங்க? ஊகித்துத்தான் சொல்கிறேன், தப்பென்றால் கோபித்துக்கொள்ளுங்கள்: "நீ ஆடற ஆட்டத்துக்குப் புது ஷூ வேறயா" என்று வரும் என அவனுக்குத் தெரிந்திருக்கும். காலைப் பிராக்டிஸுக்கு அவன் வாசற்படியில் உட்கார்ந்து கருத்த விரலை ஷூவுக்குள் திணிக்கிற நேரத்தில், நீங்கள் உள்ளே யாரோ ஒருவருடைய கணுக்கால் காயத்துக்கு உச்சுக் கொட்டிக்கொண்டிருப்பீர்கள்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மாமியார் போட்ட பத்து மனசுக்கு ஆறுதல், அதனால் ஷூ நீளாது. பையனைக் கடைக்குக் கூட்டிப் போங்கள், சாயங்காலமாக, ஏனென்றால் அதற்குள் பாதம் சற்று வீங்கியிருக்கும். ஆடும்போது போடுகிற சாக்ஸையே போட்டுக்கொண்டு, நின்றபடி பார்க்கட்டும். நீண்ட விரலுக்கும் ஷூ முனைக்கும் நடுவில் கை கட்டைவிரல் ஒன்றின் அகலம் இடம் வேண்டும். "அடுத்த வருஷத்துக்கும் ஆகும்" என்று பெரிதாக வாங்கித் தராதீர்கள், அதிலும் கால் நழுவும். நகம் வலித்தாலோ, தூக்கிக்கொண்டாலோ, சீழ் வைத்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். முழங்காலில் வலி இருக்கிறதா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

நீட் விஷயம். ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார்ந்ததற்குத் தண்டனையா டாக்டர் படிப்பு? பதினொன்றாம் வகுப்பில் என்ன குரூப் என்று முடிவெடுக்கிற நேரம் வரும். அன்றைக்கு அவனை உட்கார வைத்து, அவன் வாயால் கேட்டு முடிவு செய்யுங்கள். ஆட்டத்தை அதோடு முடிச்சுப் போடாதீர்கள். கோவையில் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை பாஸ்கெட்பால் போட்டி நடக்கும்போது அவனைக் கூட்டிப் போங்கள். நேரில் பார்க்கட்டும், நீங்களும் பாருங்கள்.

கோச்சிடம் சண்டைக்குப் போகாதீர்கள். எதைக் கற்றுக்கொண்டால் ஆட விடுவீர்கள் என்று பையனே கேட்கட்டும். அடுத்த மேட்ச் என்றைக்கு என்று அவனிடம் விசாரித்துவிட்டு நேரில் போய், கணிப்பெல்லாம் வாய்க்குள்ளேயே இருக்க, முழு ஆட்டமும் உட்கார்ந்து பாருங்கள். அன்றைக்கு ஒரு நாள் மண்டியைக் கணக்குப்பிள்ளை பார்த்துக்கொள்வார்.