மௌனமாக இருக்கும் ஆசிரியருக்கு ஆதரவுக் கடிதம்

அன்புள்ள தம்பி,

அமெரிக்காவுக்கு வந்து நான்கு மாதங்களே ஆகின்றன. தியான மையத்து ஆசிரியரின் விசா நீட்டிப்புக்காக ஆதரவுக் கடிதம் எழுதிக் கொடுத்தால் உங்கள் எச்-1பி வேலை விசாவுக்கு இடையூறு வருமா என்று கேட்டிருந்தீர்கள். நேரில் அறிந்த உண்மையை எழுதிக் கையொப்பமிடுவது விசா நிபந்தனை எதையும் மீறுவதாகாது. வாடகை வீடு, ஓட்டுநர் உரிமம் பற்றியெல்லாம் உங்கள் அலுவலக நண்பர்களே சொல்லிவிடுவார்கள். கடிதத்தைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்.

நான் 2009இல் வந்தேன். வந்த எட்டாம் மாதமே வேலை போயிற்று. இந்த விசாவில் வேலையிழந்தவர்கள் வேறு வேலை தேட இப்போதுள்ள 60 நாள் வரையிலான அவகாசம் அந்நாளில் கிடையாது. அந்த வாரங்களில் எனக்குத் துணையாக இருந்தவர், கோயிலின் பின்னறையில் தரைவிரிப்பின் மேல் மாலைதோறும் எங்களோடு பேசாமல் அமர்ந்திருந்த ஒரு பெரியவர். மத ஊழியர்களுக்கான ஆர்-1 விசாவில் வந்திருந்தார். அந்த விசா முதலில் 30 மாதங்கள் வரை கிடைக்கும். நீட்டித்தாலும் மொத்தம் 5 ஆண்டுகள்தான்.

ஒருநாள் குடியேற்றத் துறை அதிகாரி முன்னறிவிப்பின்றி ஆய்வுக்கு வந்து, பெரியவர் நாள் முழுவதும் என்ன செய்கிறார் என்று கேட்டார். அங்கிருந்த தொண்டர், "பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருப்பார்" என்று அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். சைவம் அறிந்த தமிழருக்குச் சும்மா இருத்தல் என்பது எல்லா முயற்சிக்கும் பின் கைகூடும் நிலை. அதிகாரியின் குறிப்பேட்டில் அது வேலையின்மையாகப் பதிந்தது. நீட்டிப்பு மனு நின்றுபோய், கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்தது.

இது புதிய சிக்கலும் அன்று. ஓரிகான் மாநிலத்தில் குடியேறியிருந்த ரஜனீஷுக்கு (பின்னாளில் ஓஷோ), மத ஆசிரியராகத் தங்கும் அனுமதியை மறுத்து 1982இல் குடியேற்றத் துறை சொன்ன காரணங்களில் ஒன்று, அவர் மௌனத்தில் இருப்பதும் உடல்நலம் குன்றியிருப்பதும் ஆசிரியர் பணியோடு பொருந்தவில்லை என்பது. கல்லால மரத்தடியில் வாய் திறவாமல் உபதேசித்த தட்சிணாமூர்த்தியை வணங்கும் நமக்கு, அருணாசலத்து ரமணரின் மௌனத்தையே போதனையாகக் கொண்டவர்களுக்கு, அந்தக் காரணம் எவ்வளவு பிழையானது என்று விளக்க வேண்டியதில்லை. அந்த மறுப்பு பின்னர் நிலைக்கவுமில்லை. ஆனால் 1985இல் அவரை நாட்டைவிட்டு வெளியேற்றியது மௌனம் அன்று. குடியேற்ற விவகாரத்தில் பொய்த் தகவல், போலித் திருமணங்கள் தொடர்பான குற்றச்சாட்டுகள். அவ்வழக்கில் 4,00,000 டாலர் செலுத்த ஒப்புக்கொண்டு வெளியேறினார். அவர் செயல்களுக்காக நான் வாதாடவில்லை. மௌனத்தைக் குற்றமாக்கியதை எதிர்க்கலாம். பொய்யைக் காக்க முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஆகவே, நீங்கள் பார்க்காத வகுப்பைப் பார்த்ததாக எழுதாதீர்கள். மையம் தரும் மாதிரிக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கையொப்பமிடாதீர்கள். இருபது பேரின் கடிதம் ஒரே வாசகத்தில் இருந்தால் இருபதும் மதிப்பிழக்கும். அனுமதி பெற்ற அமைப்புக்கு வெளியே, அன்பின் மிகுதியால்கூட, உங்கள் ஆசிரியரைச் சம்பளத்துக்கு வகுப்பெடுக்க அழைத்துச் செல்லாதீர்கள். அது அவருடைய விசா நிலையையே முறிக்கும். நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான (கிரீன் கார்டு) முதற்படியான ஐ-360 மனுவை ஐந்தாம் ஆண்டு வரை தள்ளிப்போட வேண்டாம் என்று நிர்வாகிகளிடம் சொல்லுங்கள். மனு ஏற்கப்பட்டாலும் கிரீன் கார்டுக்கான வரிசை நீண்டது.

நம்மவர்களிலேயே சிலர், கிரீன் கார்டு கைக்கு வந்ததும், "ஒரு சாமியாருக்கு எதற்கு விசா, காணொளியில் கேட்டால் போதாதா" என்கிறார்கள். இது என்னை மிகவும் வருத்துகிறது. 1920இல் பாஸ்டனில் வந்திறங்கிய யோக ஆசிரியர் பரமஹம்ச யோகானந்தர், இந்தியர்களுக்குக் குடியுரிமை பெறும் வழியை 1946ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த பின்னர், 1949இல்தான் குடிமகனானார். நமக்குத் திறந்த கதவை இன்னொருவருக்குச் சாத்தச் சொல்ல நமக்கு என்ன உரிமை?

பெரியவருக்காக நான் எழுதிய கடிதம் ஒன்றரைப் பக்கம். வியாழன்தோறும் மாலை ஆறரை முதல் எட்டு மணி வரை அமர்ந்திருப்போம், கடைசிக் கால் மணி நேரம் மட்டும் கேள்விகளுக்கு விடை சொல்வார், வேலையிழந்த நான் எந்த வாரத்திலிருந்து வரத் தொடங்கினேன் என்று தேதியோடு எழுதினேன். மௌனம் எங்கள் மரபில் கற்பிக்கும் முறை என்பதற்கு ஒரு பத்தி சேர்த்தேன். நீட்டிப்பு வந்த மாலையும் அவர் வழக்கம்போல விரிப்பை உதறிப் போட்டு, எனக்குப் பக்கத்தில் இடம் காட்டினார்.