அமெரிக்காவில் அரசியலமைப்பைத் திருத்த மாநாடு கூட்டுவதற்கு ஏன் இவ்வளவு எதிர்ப்பு? இந்தியாவிலும் அப்படி ஒன்று கூட்டினால் மாநிலங்களுக்கு நல்லதுதானே?

"நல்லதுதானே" என்று முடித்திருக்கிறீர்களே, அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். உங்களைப் பார்த்தால் சட்டக் கல்லூரி மாணவர் போலவோ, தேர்வுக்குத் தயாராகிறவர் போலவோ தெரிகிறது. மாநில சுயாட்சியில் பிடிப்பு உள்ளவர் என்பதும் தெரிகிறது. எனக்கும் உண்டு. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க.வைத் தொடங்கிய ராபின்சன் பூங்கா எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். எனவே "இவன் டெல்லிக்காரர்களுக்கு வக்காலத்து வாங்குகிறான்" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

முதலில் அமெரிக்காவை முடித்துவிடுகிறேன். அவர்கள் அரசியலமைப்பின் 5வது உறுப்பு, திருத்தத்தை முன்மொழிய இரண்டு வழி சொல்கிறது. காங்கிரஸின், அதாவது அவர்கள் நாடாளுமன்றத்தின், இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு முன்மொழிவது ஒன்று. இதுவரை வந்த 27 திருத்தங்களும் அப்படி வந்தவைதான். இன்னொன்று, மூன்றில் இரண்டு பங்கு மாநிலச் சட்டமன்றங்கள், இன்றைய கணக்கில் 50க்கு 34, விண்ணப்பித்தால், திருத்தங்களை முன்மொழிவதற்கென்றே ஒரு மாநாட்டை காங்கிரஸ் கூட்டியே ஆக வேண்டும். இந்த வழி இன்றுவரை ஒரு தடவைகூட நிறைவேறியதில்லை. எந்த வழியில் முன்மொழிந்தாலும் 38 மாநிலங்கள் ஏற்றால்தான் செல்லும்.

கிட்டத்தில் வந்திருக்கிறது. மத்திய அரசின் வரவு செலவில் துண்டு விழக்கூடாது என்று ஒரு திருத்தம் கேட்டு 1983க்குள் 32 மாநிலங்கள் விண்ணப்பம் போட்டன. அத்தோடு நின்றது. அப்புறம் சில மாநிலங்கள் திரும்பப் பெற்றுக்கொண்டன. திரும்பப் பெறலாமா, அத்தனை வருடத்துக்கு முந்தைய விண்ணப்பத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறதா, வேறு வேறு காரணத்துக்குப் போட்டதையெல்லாம் ஒன்றாகக் கூட்டலாமா என்பதிலேயே இன்றும் சண்டை. இது வலதுசாரிகள் விவகாரம் மட்டும் என்று நினைக்காதீர்கள். தேர்தலில் பெருநிறுவனப் பணம் புகுவதைத் தடுக்க மாநாடு கேட்கும் இடதுசாரிகளும் இருக்கிறார்கள். எதிர்ப்பதிலும் இரு தரப்பும் உண்டு.

என் அக்கா மகன் டெக்சாஸில் இருக்கிறான். அந்த மாநிலச் சட்டமன்றம் 2017ல் மாநாடு கேட்டுத் தீர்மானம் போட்டது. போனில் ஒரே உற்சாகம். "மாமா, மாநிலம் எல்லாம் ஒண்ணு சேர்ந்தா வாஷிங்டன் ஆட்டத்தை அடக்கிடலாம்" என்றான். சரி, யார் போவார்கள், மாநிலத்துக்கு எத்தனை பேர், ஓட்டை எப்படி எண்ணுவார்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் கூடின பிறகு முடிவு பண்ணிப்பாங்க மாமா."

இந்த "கூடின பிறகு" இருக்கிறதே, அதை நான் நேரில் அனுபவித்தவன்.

எங்கள் தெருவில் ஒரு மன்றம் உண்டு. வடசென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கிற மாதிரியானதுதான். கீழே இரண்டு கேரம் போர்டு, பேப்பர் படிக்க ஒரு நீள பெஞ்சு, மாடியில் சாயந்திரம் பிள்ளைகளுக்கு டியூஷன். உறுப்பினர் வீட்டில் சாவு விழுந்தால் செலவுக்கு ஒரு தொகை உடனே போய்ச் சேரும். பதிவு செய்த சங்கம், பைலா, அதாவது எழுதி வைத்த சங்க விதிகள், உண்டு. நான் செயலாளராக இருந்தபோது மாதச் சந்தாவை 30லிருந்து 50 ஆக்க வேண்டிய நிலை. அந்தக் காலத்துப் பெரியவர்கள் தொகையை பைலாவுக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டதால், இருபது ரூபாய் ஏற்றுவதற்குக்கூட சிறப்புப் பொதுக்குழு கூட்ட வேண்டும், வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கை தூக்க வேண்டும். நோட்டீஸ் அடித்துக் கதவில் ஒட்டினேன். பொருள்: சந்தா. அவ்வளவுதான்.

கூட்டம் ஏழு மணிக்கு என்றால் எட்டரைக்குத்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச ஆள், சேர்ந்தது. மணலி, எண்ணூர் பக்கம் வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் எல்லாரும் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டார்கள். இதைப் பற்றி யாருமே பேசுவதில்லை. இந்த லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதில் ஆம்புலன்ஸ் போக வழியில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சக்கரத்துக்கும் சாக்கடைக்கும் நடுவில் நடக்கிறார்கள். ஊருக்கெல்லாம் சரக்கு எங்கள் வாசல் வழியாகத்தான் போகிறது, புழுதி மட்டும் எங்களுக்கு. யார் பொறுப்பு என்று கேட்டால் ஒருத்தர் இன்னொருத்தரைக் கை காட்டுவார். தென்சென்னையில் ஒரு சிக்னல் வேலை செய்யவில்லை என்றால் மறுநாள் பேப்பரில் படம் வருகிறது. சரி, விடுங்கள்.

சந்தா தீர்மானத்தை நான் வாசித்து முடிக்கும் முன்பே பெயிண்ட் கடை வைத்திருக்கும் ஓர் உறுப்பினர் எழுந்தார். "இன்னா செகரட்ரி, இருவது ரூபா ஏத்துறதுக்கா இத்தினி பேரு வந்துகிறோம்? பைலாவே முப்பது வருசத்துது. மொத்தமா மாத்திடுவோம்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்து ஒரு பை திறந்தது. டைப் அடித்து ஜெராக்ஸ் போட்ட தாள்கள் வரிசையாகக் கை மாறின. புது பைலா, மூலையில் பின் அடித்தது. அதில் ஏழாவது விதி: தெருவில் வீடு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஓட்டு, அதுவும் வீட்டுக்கு ஒன்று. வாடகைக்கு இருப்பவர்கள் கேரம் ஆடலாம், பேப்பர் படிக்கலாம், சந்தா கட்டலாம். கை தூக்க முடியாது.

எங்கள் உறுப்பினர்களில் பாதிக்கு மேல் வாடகைக்காரர்கள். அவர்களில் பலர் இன்னும் வேலையிலிருந்து வந்து சேரவில்லை.

அறிவிப்பில் இல்லாத பொருளை எடுக்க முடியாது என்றேன். "பொதுக்குழுதான் எல்லாத்துக்கும் மேல. பொதுக்குழு வெச்சதுதான் பைலா" என்று பதில் வந்தது. இதற்கு மேல் ஒரு பெரியவர் போட்ட போடுதான் என்னை மடக்கிவிட்டது. "தம்பி, வாடகைக்காரங்களுக்கு ஓட்டு குடுத்ததே உங்கப்பா காலத்துல பொங்கல் விழா கணக்கு பாக்கக் கூட்டுன கூட்டத்துலதான். அன்னிக்கு எந்த நோட்டீஸ்ல இருந்துச்சு?" உண்மைதான். நடவடிக்கைப் புத்தகத்தில் இருக்கிறது, அப்பாவின் கையெழுத்தோடு. இன்றைக்கும் இதற்கு என்னிடம் சரியான பதில் கிடையாது.

நான் செய்தது ஒன்றுதான். "சரி, எடுப்போம். எடுக்கலாமா வேண்டாமா என்பதற்கே ஓட்டெடுப்பு வைக்க வேண்டும். அதை எப்படி எண்ணுவது? ஆளுக்கு ஒன்றா, வீட்டுக்கு ஒன்றா?" என்று கேட்டேன். அவ்வளவுதான், அந்தப் பக்கமே இரண்டாகப் பிளந்தது. ஒரே வீட்டில் கூட்டுக் குடும்பமாக இருக்கும் அண்ணன் தம்பிகள் ஆளுக்கு ஒன்று என்றார்கள். மூன்று வீட்டை வாடகைக்கு விட்டிருந்தவர் எனக்கு மூன்று என்றார். கத்திக் கத்தி மணி பத்தரை ஆனது. "அறிவிப்பில் இல்லாத பொருள் என்பதால் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை" என்று எழுதி, தலைவர் கையெழுத்தை வாங்கிப் புத்தகத்தைப் பீரோவில் பூட்டினேன். சந்தாவும் அன்று ஏறவில்லை, ஆண்டுப் பொதுக்குழுவில் முறைப்படி வைத்து ஏற்றினோம். பெயிண்ட் கடைக்காரர் என்னிடம் பேசுவதில்லை. வாடகைக்காரர்கள் இன்றும் ஓட்டுப் போடுகிறார்கள். அதில் எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை.

"தெரு மன்றமும் வல்லரசும் ஒன்றா" என்று கேட்டு வருகிறவர்களுக்கு முன்கூட்டியே: இல்லை. ஆனால் 1787ல் பிலடெல்பியாவில் நடந்ததைப் படித்துவிட்டு வாருங்கள். ஏற்கெனவே இருந்த கூட்டமைப்பு ஒப்பந்தத்தைச் செப்பனிடத்தான் கூடினார்கள். 55 பேர் கலந்துகொண்டார்கள், ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை. ஆரம்பித்த சில நாளிலேயே, மே 29 அன்று, வர்ஜீனியாக்காரர்கள் முழுத் திட்டத்தை எடுத்து வைத்தார்கள். பெரும்பாலும் அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசன் முன்கூட்டியே தயாரித்து வைத்திருந்தது. ஜெராக்ஸ் தாள் நினைவுக்கு வருகிறதா? கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாகப் பேசினார்கள். பழைய ஒப்பந்தப்படி எந்த மாற்றத்துக்கும் 13 மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும். புதியதோ 9 ஏற்றால் போதும் என்றது. அதாவது, எத்தனை பேர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற கணக்கையும் சேர்த்தே மாற்றிவிட்டார்கள்.

அதில்தான் எதிர்ப்பாளர்களின் பயம் இருக்கிறது. 38 மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்பதால் 13 மாநிலங்கள் நினைத்தால் எதையும் தடுக்கலாம், பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்கள் ஆதரவாளர்கள். நியாயமான வாதம், அதை நான் சிரித்து ஒதுக்கவில்லை. ஆனால் 5வது உறுப்பை எடுத்துப் பாருங்கள். பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பது யார், ஒரு பொருளுக்காகக் கூட்டிய மாநாடு வேறு பொருளைத் தொடலாமா, ஓட்டு மாநிலத்துக்கு ஒன்றா மக்கள்தொகைப்படியா, எதுவும் அதில் இல்லை. 1787ல் மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. அதே கணக்கை இன்று வைத்தால், சுமார் 3 கோடியே 90 லட்சம் பேர் உள்ள கலிபோர்னியாவும் 6 லட்சம்கூட இல்லாத வயோமிங்கும் சமம். வீட்டுக்கு ஒரு ஓட்டுக் கதைதான். பாதிக்கப்படப் போகிறவர் அந்த அறையில் இருக்கிறாரா என்று பார்ப்பது என் வழக்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாநாட்டைக் கூட்டாமலே, கூட்டுவோம் என்ற மிரட்டலே வேலை செய்திருக்கிறது. செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் 17வது திருத்தம் 1913ல் வந்தது. மாநிலங்கள் வரிசையாக விண்ணப்பம் போட்டு நெருக்கியதும், காங்கிரஸ் தானே முன்மொழிந்ததற்கு ஒரு காரணம்.

இப்போது நம் ஊர். நம் 368வது உறுப்பில் இப்படி ஒரு மாநாட்டு வழியே கிடையாது. திருத்த மசோதாவை நாடாளுமன்றத்தில் மட்டும்தான் கொண்டுவர முடியும். கூட்டாட்சி தொடர்பானவற்றுக்கு, அதாவது அதிகாரப் பட்டியல்கள், உயர் நீதிமன்றங்கள், நாடாளுமன்றத்தில் மாநிலங்களின் பிரதிநிதித்துவம் போன்றவற்றுக்கு, பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் வேண்டும். கடைசியில் கேட்பார்கள், முதலில் பேச விடமாட்டார்கள். 1976ல் 42வது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து, மத்திய அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோனபோது தமிழ்நாட்டில் சட்டமன்றமே இல்லை. ஜனவரி 31ல் ஆட்சியைக் கலைத்திருந்தார்கள்.

அரசியலமைப்பையே எழுதும் புதிய அரசியல் நிர்ணய சபை என்ற யோசனை நம் உச்ச நீதிமன்றத்திலேயே எழுந்தது என்பதையும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். 1967 கோலக்நாத் தீர்ப்பில், தேவைப்பட்டால் நாடாளுமன்றம் தன் எஞ்சிய அதிகாரத்தை (எந்தப் பட்டியலிலும் சொல்லாத விஷயங்களில் அதற்கு உள்ள அதிகாரம்) கொண்டு அப்படி ஒரு சபையைக் கூட்டலாம் என்று ஒரு வரி வருகிறது. பிறகு 1973ல் 13 நீதிபதிகள் உட்கார்ந்த கேசவானந்த பாரதி வழக்கில், 7க்கு 6 என்ற கணக்கில், திருத்தம் எதுவானாலும் அரசியலமைப்பின் ஆதாரமான அம்சங்களை, அதாவது அடிப்படைக் கட்டமைப்பை, நாடாளுமன்றம் தொடக் கூடாது என்று ஆனது. இன்று புதிய சபை கூடினால் அந்தக் கட்டு அதற்கும் பொருந்துமா? "நாங்கள்தான் எல்லாத்துக்கும் மேல" என்று அவர்களும் சொல்வார்கள். அந்தச் சபையில் தமிழ்நாட்டுக்கு எத்தனை இடம்? மக்கள்தொகைப்படி என்றால் குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த நாம் சிறுபான்மை. மாநிலத்துக்கு ஒரு ஓட்டு என்றால் உத்தரப் பிரதேசம் ஒப்புக்கொள்ளுமா?

ஆகவே, மாநில உரிமைக்காகப் புதிய சபை கேட்பது, இருக்கிற ஓட்டையும் மேசையில் வைத்துவிட்டு ஏலத்துக்கு உட்காருவது என்பேன். மத்திய-மாநில உறவை ஆராய 1969ல் கலைஞர் அரசு அமைத்த ராஜமன்னார் குழு, 1971ல் அது தந்த அறிக்கை, 1974 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறிய சுயாட்சித் தீர்மானம், இவை எல்லாமே இன்ன உறுப்பை இன்னபடி மாற்று என்று கேட்டவை. 2025ல் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் அமைத்த குழுவும் அந்த வரிசைதான். என்னைக் கேட்டால் கேட்க வேண்டியது ஒரே திருத்தம்: குறிப்பிட்ட எண்ணிக்கை மாநிலச் சட்டமன்றங்கள் ஒரே வாசகத்தில் தீர்மானம் போட்டால், அந்த வாசகத்தை நாடாளுமன்றம் ஓட்டுக்கு விட்டே ஆக வேண்டும். வாசகம் முதலிலேயே கையில் இருக்கும். கூடின பிறகு பை திறக்க வேலை இல்லை. 368ஐத் திருத்தவே பாதி மாநிலங்களின் ஒப்புதல் வேண்டும் என்பதால் இது சுலபம் என்று சொல்லவில்லை. நான் வழக்கறிஞரும் இல்லை, ஓட்டைகள் இருந்தால் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீங்கள் தேர்வுக்காகக் கேட்டிருந்தால் கைடு புத்தகத்தை நம்பாமல் 5வது உறுப்பையும் 368ஐயும் மூலத்திலேயே படித்துவிடுங்கள். முதலாவது ஒரே ஒரு நீண்ட வாக்கியம்தான்.