ஜிப்சம் போர்டு எத்தனை கிலோ தாங்கும்?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கும் வாசகர் கேட்டிருக்கிறார்: "ஆபீஸை ஜிப்சம் போர்டு வைத்துத் தடுத்திருக்கிறோம். சாம்பிள் மாட்ட அதில் மூன்றடி ராடு ஒன்று அடித்தோம், பத்தே நாளில் ஸ்க்ரூவுக்குப் போட்ட பிளாஸ்டிக் பிளக்கோடு பிடுங்கிக்கொண்டு விழுந்துவிட்டதுங்க. இப்போது 43 இன்ச் டிவியும் மாட்டச் சொல்கிறார் முதலாளி. போர்டு எத்தனை கிலோ தாங்கும்?"

கிலோவை அப்புறம் பார்க்கலாம். முதலில் போர்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான இடத்தில் வெறும் காற்றுதான். பார்ட்டிஷனுக்குப் போடும் போர்டு வழக்கமாக 12.5 மில்லிமீட்டர், அதாவது அரை இன்ச். இரண்டு பக்கமும் காகிதம், நடுவில் சாக்பீஸ் மாதிரி ஜிப்சம். செங்கல் சுவரில் ஸ்க்ரூ உள்ளே போகப் போக பிளக் விரிந்து செங்கல்லை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும், ஜிப்சத்தில் அதே பிளக் விரிந்தால் சுற்றியிருப்பது மாவாக உதிரும். உங்கள் ராடு விழுந்த ஓட்டையில் விரலை விட்டுப் பாருங்கள், வெள்ளை வெள்ளையாக ஒட்டும்.

ஆனால் அந்த ராடு எடையால் மட்டும் விழவில்லை. டீசர்ட் ஒன்று 200 கிராம் என்று வைத்தால் 60 பீஸ் 12 கிலோ, ஹேங்கரும் ராடும் சேர்த்து 15, ஒரு பிராக்கெட்டுக்கு ஏழரை. இது பெரிய பாரமே இல்லை. ஆனால் ராடு சுவரிலிருந்து 10 இன்ச் தள்ளி நிற்கிறது, பிராக்கெட்டின் உயரமோ 4 இன்ச்தான் என்றால், கடப்பாரையால் கல்லை நெம்புகிற கதையாகி, மேல் ஸ்க்ரூவை வெளியே இழுக்கும் விசை கிட்டத்தட்ட 19 கிலோ ஆகிவிடும். இதற்கு மேல், சரக்கு வாங்கும் பையர் வந்து நிற்கும்போது அவசரத்தில் ஆளாளுக்கு ஹேங்கரைப் பிடித்து இழுப்பார்கள், அந்தக் கணக்கு தனி.

அதனால் சாம்பிள் ராடைச் சுவரில் மாட்டவே மாட்டாதீர்கள். தரையில் கால் ஊன்றி நிற்கிற மாதிரி ஸ்டாண்டு அடித்து, சாயாமல் இருக்க மட்டும் சுவரில் பிடி கொடுங்கள். மேலே பால்ஸ் சீலிங்கில் தொங்கவிடலாமா என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அது தன்னைத் தாங்கிக்கொள்வதே பெரிய பாடு.

டிவி விஷயம் வேறு, அதை மாட்டலாம். போர்டுக்கு உள்ளே செங்குத்தாக ஜிஐ சேனல், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டுச் சட்டம், நிற்கும், வழக்கமாக இரண்டடிக்கு ஒன்று, சில இடத்தில் 16 இன்ச்சுக்கு ஒன்று. கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு துணியில் சுற்றிச் சுவரில் மெதுவாகத் தேய்த்துக்கொண்டே போனால், பட்டி பூச்சுக்கு அடியில் இருக்கும் ஸ்க்ரூ தலையில் டக்கென்று பிடிக்கும்; மேலேயும் கீழேயும் அதே கோட்டில் பிடித்தால் அதுதான் சேனல். ஆனால் சேனல் தகடு அரை மில்லிமீட்டர்தான், டிவி பிராக்கெட்டின் ஓட்டைகளும் அதற்கு நேராக அமையாது. 18 மில்லிமீட்டர் பிளைவுட்டை ஒன்றரை அடி உயரத்தில் வெட்டி, குறைந்தது இரண்டு சேனலைத் தொடும்படி குறுக்கே வைத்து, ஒவ்வொரு சேனலிலும் தகட்டைத் தானே துளைத்துக்கொண்டு இறங்கும் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ நாலைந்து போட்டு இறுக்குங்கள். பிராக்கெட் அந்தப் பிளைவுட்டில் ஏறட்டும். மைக்கா ஒட்டிவிட்டால் டிவி பேனல் மாதிரியே இருக்கும், யாருக்கும் தெரியாது. பிராக்கெட்டும் சுவரோடு படிகிற வகையாக வாங்குங்கள். வெளியே இழுத்துத் திருப்புகிற கை வைத்தது வேண்டாம், அதிலும் மேலே சொன்ன நெம்புகோல் கதைதான்.

சேனல் அமையாத இடத்தில் கண்ணாடி, சின்ன ஷெல்ஃப் மாட்ட டாகிள் போல்ட் இருக்கிறது. ஸ்பிரிங் இறக்கை ஓட்டை வழியாக மடங்கிப் போய்ப் பின்னால் விரிந்து, போர்டை முதுகுப் பக்கமிருந்து பிடிக்கும். பாக்கெட்டில் போட்டிருக்கும் கிலோவில் கால்வாசிதான் நான் நம்புவேன். போல்ட்டை முழுசாகக் கழற்றினால் இறக்கை உள்ளே விழுந்துவிடும், ஜாக்கிரதை.

டிரில்லில் ஹேமரை, அதாவது இடித்து இடித்துத் துளைக்கும் முறையை, அணைத்துவிடுங்கள். அந்தச் சுவருக்கு வரும் கரண்டையும்தான், சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலேயும் கீழேயும் வயர் ஓடும், அந்தக் கோட்டில் கை வைக்க வேண்டாம். வேலை முடிந்ததும் டிவியை உடனே ஏற்றாமல், பிராக்கெட்டில் 20 லிட்டர் தண்ணீர் கேனை ஒரு ராத்திரி கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள், பிளைவுட் ஓரம் மயிரிழை விலகினாலும் காலையில் தெரிந்துவிடும்.

பழைய ஓட்டையில் தீக்குச்சி செருகியோ எம்-சீல் அடைத்தோ திரும்ப ஸ்க்ரூ போடாதீர்கள். உதிர்ந்த இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்து, துண்டு போர்டு வைத்து ஜாயிண்ட் காம்பவுண்ட் பூச வேண்டும். ஆள் வரும் வரை ஒரு தினசரி காலண்டரை மாட்டி மறைத்துக்கொள்ளுங்கள், அதை அந்தப் போர்டு தாராளமாகத் தாங்கும்.