கூழாங்கல் அம்மாச்சி

ஐயா, வணக்கம்.

2019 ஜனவரியில் அரசு நடுநிலைப்பள்ளி வளாகங்களில் இருக்கும் 2381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள் அல்லவா, அதில் ஒன்றில் நான் டீச்சர். பதினேழு பிள்ளைகள். இப்போது ‘என் குடும்பம்’ நடத்துகிறேன். குடும்ப மரம் சார்ட் ஒட்டி, அப்பா அம்மா போட்டோ கேட்டேன். ஆறு பேர்தான் கொண்டுவந்தார்கள். ஒரு பையனுக்கு அப்பா இல்லை. அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில். அம்மாச்சிதான் வளர்க்கிறார். அவன் அந்தச் சுவர்ப் பக்கமே திரும்பவில்லை. வேறு என்ன செய்யலாம்?

ஒரு வாசகி, மதுரை மாவட்டம்

அன்புள்ள டீச்சர்,

முதலில் அந்தச் சார்ட்டைக் கழற்றிவிடுங்கள். அந்தப் பையனுக்காக மட்டும் சொல்லவில்லை. போட்டோ கொண்டுவந்த ஆறு பேருக்கும் அது புரிந்திருக்காது. தாத்தாவிலிருந்து அப்பாவுக்கு, அப்பாவிலிருந்து தனக்கு என்று கோட்டைப் பிடித்து இறங்கிவர நாலு வயதுக்கு வராது. 1920களில் ஜெனீவாவில் பியாஜே என்ற குழந்தை உளவியல் அறிஞர் இதைச் சின்னப் பிள்ளைகளிடம் கேட்டே பார்த்தார். உனக்கு அண்ணன் தம்பி உண்டா? உண்டு. அவனுக்கு உண்டா? இல்லை என்றார்கள் பலர். என் பேத்தியிடம் நானும் கேட்டேன். “எனக்கு அண்ணன் இருக்கான். அண்ணனுக்குத்தான் யாரும் இல்ல, பாவம்” என்றாள்.

என் மகன் படித்த நர்சரியில் இதே மரத்தை வீட்டுப்பாடமாகக் கொடுத்தார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு நானும் மனைவியும் ஜிகினா ஒட்டினோம். அவன் எப்போதோ தூங்கிப்போயிருந்தான். மறுநாள் எங்கள் இருவருக்கும் மூன்று ஸ்டார்.

ஒரு முறம் நிறையக் கூழாங்கல் பொறுக்கி வையுங்கள். எலுமிச்சம்பழத்துக்குக் குறையாத அளவில் இருக்கட்டும். புளியங்கொட்டை வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்வார்கள். “நேத்து ராத்திரி உங்க வீட்டுல யாரெல்லாம் படுத்திருந்தீங்க? ஆளுக்கு ஒரு கல் எடு.” இவ்வளவுதான் கேள்வி. அப்பா எங்கே, அம்மா எங்கே என்று கேட்காதீர்கள். இதை ஒரு பால்வாடியில் செய்தபோது நான் கூட இருந்தேன். ஒரு பெண் இருப்பதிலேயே பெரிய கல்லை எடுத்து நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் சின்னக் கற்களை ஒட்டி அடுக்கினாள். பெரிய கல் யார் என்றேன். “அம்மாச்சி. அதுதான் நடுவுல படுக்கும்.” காலடியில் இன்னொரு கல் இருந்தது. அது ஆட்டுக்குட்டியாம். ஆடெல்லாம் குடும்பத்தில் சேராது என்று திருத்தப் போகாதீர்கள், இருக்கட்டும். எத்தனை பேர், யார் பெரியவர், யார் பக்கத்தில் யார் என்று எண்ணும் பேச்சும் தானாக வந்துவிடும். உங்கள் பையன் அம்மாவுக்கும் ஒரு கல் எடுத்தால், பாய்க்கு உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்பது அவன் பாடு.

சொப்புச் சாமான் இருக்கும் மூலையில் ஒரு டிபன் கேரியர், பழைய செல்போன், துண்டு, துடைப்பம் போட்டு வையுங்கள். ‘அம்மா சமைப்பாள், அப்பா சம்பாதிப்பார்’ பாட்டை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வீட்டில் யார் எதைச் செய்கிறார்கள் என்பதை அவர்களே நடித்துக் காட்டுவார்கள். உறவுப் பெயர்களை அவரவர் வீட்டில் சொல்கிறபடியே சொல்லட்டும். மாமாவையும் சித்தப்பாவையும் ஒரே ‘அங்கிள்’ ஆக்கும் வேலை உங்கள் வகுப்பில் நடக்காது என்று நம்புகிறேன்.

அப்புறம், அந்த அம்மாச்சியை ஒருநாள் வரச் சொல்லுங்கள். கதை சொல்லுங்கள் என்றால் கூச்சப்பட்டு எழுந்து போய்விடுவார். முன்னால் ரெண்டு கட்டு முருங்கைக்கீரை வையுங்கள். அவர் உருவ ஆரம்பித்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். யார் மகன், எந்தத் தெரு என்று அவரே விசாரிக்கத் தொடங்குவார். உருவிய கீரை அன்றைய சாம்பாரில் விழட்டும். நாற்காலி மட்டும் போட்டுவிடாதீர்கள். தரையில் உட்கார்ந்தால்தான் அவருக்குப் பேச்சு வரும்.